பலாக் கட்டில் சொல்லாமல் விட்டது

அந்தக் காலத்தில் மரங்கள் பேசிக்கொண்டிருந்தன. நிற்கிற மரம் இலைகளால் பேசும். அதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வெட்டிய மரத்தின் பேச்சு வேறு. அறுத்துப் பலகையாக்கி நிழலில் சாத்திவைத்தால், காயக் காய அதில் மெல்லிய வெடிப்பு விடும். அந்த வெடிப்புதான் அதன் வாய்.

மரம் வெளியிலிருந்து உள்நோக்கித்தான் காயும். அதனால் அது சொல்லும் கதையும் பின்னாலிருந்து முன்னால் போகும். முதலில் போன வருஷத்து மழையைச் சொல்லும். பிறகு அதற்கு முந்திய வருஷத்துக் காற்றைச் சொல்லும். தன் மேல் கூடு கட்டிய பறவைகள், கிளை ஒடித்துப் போன பிள்ளைகள், அடியில் உட்கார்ந்து அழுதவர்கள் என்று ஒவ்வொருவராக வருவார்கள். கடைசியில் ஈரம் மரத்தின் நடுவிலிருக்கும் வைரத்தை விட்டுப் போகும்போது, தன்னை நட்டது யார் என்று சொல்லும். அதைச் சொன்னதும் மரம் ஓய்ந்துவிடும். வெடிப்பும் தானாக மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பலகையை மழையில் போட்டாலும் வெயிலில் போட்டாலும் அசையாது.

தச்சர்கள் இதற்காகக் காத்திருப்பார்கள். பலகை வாங்க வருகிறவர்களும் முதலில் கேட்பது, "சொல்லி முடிச்ச மரம்தானே?" என்பதுதான். ஆனால் கேட்க ஆளில்லாவிட்டால் மரம் பேசாது, காய்ச்சலும் பாதியில் நின்றுவிடும். அதனால் தச்சர் வீட்டில் யாராவது ஒருவர் பலகைக்கு எதிரே உட்கார்ந்து "ம்" கொட்ட வேண்டும்.

வீரணன் என்ற தச்சன் வீட்டில் அந்த வேலை அவன் மனைவி உடையாளுக்கு. அவள் வேற்றூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கிணற்றடியில் யாராவது ஏதாவது கேட்டால் குடத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள். "வீரணன் பொண்டாட்டி வாயில என்ன முத்தா வச்சிருக்கா, திறந்தா கொட்டிப்போயிருமா?" என்று மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். மரங்களுக்கு மட்டும் அவளை மிகவும் பிடிக்கும். நடுவில் புகுந்து தன் கதையைச் சொல்லாமல் கேட்கிறவர்கள் அந்தக் காலத்திலும் குறைவுதான்.

ஒரு கோடையில் அம்பலக்காரர் தோட்டத்துப் பலாவை வெட்டினார்கள். அம்பலக்காரர் அந்த ஊருக்குத் தலைவர். அடுத்த தை மாதம் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். சீர்க்கட்டில் செய்யும் வேலை வீரணனுக்கு வந்தது. அவனுடைய அப்பா செய்த கட்டில்களில் பாதி ஊர் படுத்திருந்தது. வீரணன் அதுவரை செய்தவை கலப்பையும் முக்காலியும் ஒரு கோழிக்கூடும்தான். அவன் பலகைகளை அறுத்து, பட்டறைக் கொட்டகையின் நிழலில் சாத்திவைத்தான். மஞ்சள் அரைத்துப் பூசியது போல் இருந்தன.

சில நாளில் பெரிய பலகையில் நகக்கீறல் அளவுக்கு வெடிப்பு விட்டது.

"யாரு, எதிர்ல உட்கார்ந்திருக்கிறது?" என்றது பலா.

"நான்தான். உடையாள்."

"உட்காரு, உட்காரு. போன வருஷம் எனக்கு எவ்வளவு காய்ப்பு தெரியுமா? இடுப்பெல்லாம் பிள்ளையைக் கட்டிக்கிட்டு நின்னவ மாதிரி நின்னேன். ஒரு சுளை நான் தின்னிருப்பேனா? குரங்கு தின்னுச்சு. அணில் தின்னுச்சு. அம்பலக்காரர் மாமியார் தின்னுட்டு, வயித்துவலின்னு என்னைத் திட்டுச்சு."

உடையாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நினைவு வந்து, "ம்" என்றாள்.

இப்படித் தொடங்கியது. காலையில் வாசல் தெளித்து, கஞ்சி காய்ச்சி, வீரணனுக்கு ஊற்றிவிட்டு அவள் பலகைக்கு எதிரே வந்து உட்காருவாள். கையில் ஏதாவது வேலை வைத்திருப்பாள். பலா சொல்லிக்கொண்டே போகும். வேலியில் ஓர் ஓணான் இருந்தது. அதுவும் கேட்கும்.

"உனக்கு வேற பொழைப்பே இல்லையா?" என்று ஓணான் அவளிடம் ஒரு நாள் கேட்டது. "கட்டையோட என்ன பேச்சு?"

"நீயும்தானே கேட்டுக்கிட்டு இருக்க?" என்றாள் உடையாள்.

"நான் வேலியில போறவன். காதுல விழுது. அவ்வளவுதான்."

பலாவிடம் அவளும் இரண்டொரு சொல் பேசத் தொடங்கினாள். தன் ஊரில் ஒரு கொய்யா மரம் இருந்தது என்றாள். அம்மா நினைவு வருகிறது என்றாள். வீரணனிடம்கூட அவள் சொல்லாதவை அவை. பலா கேட்டுக்கொண்டு, "ம்" என்றது. அதற்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது.

ஒரு நாள் அவள் கேட்டாள். "உன்னை நட்டது யாரு?"

"அவசரப்படாதே தாயி. அது வைரத்துல இருக்கு. காய்ச்சல் அங்க போய்ச் சேரணும்ல? ஆனா ஒண்ணு சொல்லுறேன். நான் சொல்லப்போற கதையிலயே அதுதான் நல்ல கதை. அதுக்காகவே மத்ததையெல்லாம் சொல்லிக்கிட்டு வாரேன்."

ஆனி மாதம் அம்பலக்காரர் பட்டறைக்கு வந்தார். நின்றபடியே பேசினார்.

"வீரணா, கல்யாணம் ஆவணிக்கு வந்திருச்சு. மாப்பிள்ளை உப்பு வண்டியோட வடக்கே போறாராம். போனா வருஷக்கணக்கா ஆகுமாம். தாலி கட்டிட்டுத்தான் போகணும்கிறார் அவரு அப்பா."

வீரணன் பலகைகளைப் பார்த்தான். "ஐயா, மரம் இன்னும் சொல்லி முடிக்கலைங்க. தை வரைக்கும் ஆகும்."

"பின்னே எம்பொண்ணு தரையிலயா படுப்பா? பக்கத்தூரு தச்சன் சொல்லி முடிச்ச பலகை வச்சிருக்கானாம். அவன்கிட்டப் போகட்டுமா?"

வீரணன் பலகையைத் தடவிப் பார்த்தான். தச்சன் மகன் செய்ய வேண்டிய முதல் கட்டில், தன் ஊர்த் தலைவர் மகளுக்கு. அதைப் பக்கத்தூர்க்காரன் செய்தான் என்றால் பிறகு யாருக்கு எதைச் செய்வது? "ஆவணிக்கு வந்திரும் ஐயா" என்றான்.

அவர் போன பிறகு உடையாள் மெதுவாகச் சொன்னாள். "இன்னும் பாதிக் கதைதாங்க ஆச்சு."

"மீதியைக் கட்டிலா நின்னு சொல்லட்டும்" என்றான் அவன். அவளைப் பார்க்காமல் உளியைத் தீட்டினான்.

பலாவும் கோபப்படவில்லை. அது பேச்சு சுகத்தில் இருந்தது. அறுக்கும்போதும் இழைக்கும்போதும் விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் சத்தம் குறைச்சலா இழைக்கச் சொல்லு உன் வீட்டுக்காரரை. எனக்கே நான் சொல்றது கேட்கல" என்றது. உதிர்ந்த தூளை உடையாள் பெருக்கி வெளியே கொட்டவில்லை. ஏனென்று அவளுக்கே தெரியாது. ஒரு பெட்டியில் அள்ளி ஓரமாக வைத்தாள்.

கட்டில் நன்றாக வந்தது. கால்களில் வாழைப்பூ கடைந்திருந்தான். தலைமாட்டில் இரண்டு பலகைகளை ஒட்டிச் சேர்த்து, மேலே கிளிகள் செதுக்கியிருந்தான். சேர்த்த இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. வீரணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அப்பா பார்த்திருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு" என்றான். பிறகு, "சொல்லியிருக்க மாட்டாரு. ஆனா பார்த்திருப்பாரு" என்றான்.

ஆடிக்காற்று தொடங்கியது. ஈரமில்லாத காற்று. பட்டறையில் தொங்கிய துணியெல்லாம் விறைத்தது. ஒரு மத்தியானம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தலைமாட்டில் பலகைகள் சேர்ந்த இடம் மேலிருந்து கீழ்வரை பிரிந்து, ஒரு நெல் நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

"அப்பாடா" என்றது பலா, முன்னைவிடத் தெளிவாக. "மூச்சு விட முடியாமக் கிடந்தேன். எங்க விட்டேன்? ஆங், அம்பலக்காரருக்கு அப்போ மீசை முளைக்கல..."

வீரணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கத்தில் சீர்க்கட்டில் கல்யாண வீட்டுக்குள் போகும் முன் வாசலில் நிற்கும். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, கட்டிலின் ஒவ்வொரு சேர்க்கையிலும் வைத்து இழுப்பாள். எங்கேயாவது முடி உள்ளே போய்விட்டால் கட்டில் வாசலைத் தாண்டாது. இடைவெளி உள்ள கட்டிலில் உறவு நிற்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அதைச் செய்தவன் தன் உளியை ஊருணியில் போட்டுவிட்டு வர வேண்டும். பிறகு அந்த ஊர் எல்லைக்குள் அவன் மரத்தைத் தொடக்கூடாது.

வீரணன் தேன்மெழுகை உருக்கி இடைவெளியில் விட்டான். மறுநாள் வெயிலுக்கு அது கிளிகளின் அலகு வழியாக வழிந்தது. புற்றுமண்ணைக் குழைத்து அடைத்தான். காய்ந்து பொரிப்பொரியாக உதிர்ந்தது. வேப்பந்தூளை வச்சிரப் பசையில் கலந்து திணித்தான். பலா ஒரு தும்மல் போட்டு அதை வெளியே தள்ளியது.

"கசக்குது" என்றது.

"கட்டில் செய்யச் சொன்னா, கிழவியைச் செஞ்சு வச்சிருக்கான்" என்றது வேலியிலிருந்த ஓணான். "மாப்பிள்ளையும் பொண்ணும் படுக்கட்டும். நல்லாத் துணையா இருக்கும்."

வீரணன் ஒரு கட்டையை எடுத்து அதன் மேல் வீசினான். அது கட்டையிலிருந்து தப்பி அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

ஆவணி பிறந்தது. கட்டிலைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகும் நாளும் வந்தது. காலையில் வீரணன் உளியை ஒரு துணியில் சுற்றிக் கட்டினான். அப்பாவின் உளி அது. பிடியில் அவருடைய கட்டைவிரல் பதிந்த பள்ளம் இருந்தது. "அம்பலக்காரரைப் பார்த்து உண்மையைச் சொல்லிட்டு வாரேன். நீ பாத்திரம் பண்டத்தைக் கட்டி வை. உங்க ஊருக்கே போயிருவோம்" என்றான்.

அவன் போனதும் உடையாள் கட்டிலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்ன, முகம் வாடியிருக்கு?" என்றது பலா.

"உனக்குள்ள எதை வச்சா நிக்கும்?" என்று கேட்டாள்.

பலா யோசிக்கவே இல்லை. அதற்கு அவள் மேல் சந்தேகம் வர இடமில்லை. "எனக்குள்ள எது நிக்கும்? நான்தான் நிக்கணும். காத்தடிச்சா மெழுகு ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். மண்ணும் அப்படித்தான். வேம்பு சுருங்குற நேரத்துல நான் விரிவேன். என்னோட சேர்ந்து அசையிறது என் உடம்புதான். சரி, அதை விடு. கதைக்கு வருவோம்."

உடையாள் எழுந்து போனாள். ஓரத்திலிருந்த பெட்டியை எடுத்தாள். பலாவின் தூள் இன்னும் மஞ்சளாக இருந்தது. மரம் வெட்டிய அன்று வழிந்த பலாப்பால் ஒரு சிரட்டையில், தண்ணீருக்கு அடியில் கிடந்தது. பிசுபிசுப்புக்குப் பயந்து, வழக்கம்போல் எண்ணெய்க் கிண்ணத்தின் பக்கம் கை போயிற்று. எண்ணெய் பட்டால் மரத்தில் பிடிக்காது என்று தோன்றியது. வெறுங்கையாலேயே தூளையும் பாலையும் பிசைந்தாள். அது கொழுக்கட்டை மாவு பதத்துக்கு வந்தபோது விரல்களோடு ஒட்டிக்கொண்டு விடவில்லை.

கீழிருந்து அடைக்கத் தொடங்கினாள். ஒரு மூங்கில் சிராயால் அழுத்தி, மேலே கட்டைவிரலால் தடவினாள். அது நின்றது. மரம் அதைத் தள்ளவில்லை. தன் உடம்பை யார் தள்ளுவார்கள்?

பலா பேசிக்கொண்டுதான் இருந்தது. ஒரு பஞ்சத்தைப் பற்றிச் சொன்னது. ஒரு பெண் தன் அடியில் பிள்ளையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனதைச் சொன்னது. குரல் மெலிந்துகொண்டே வந்தது, தூரத்தில் நடந்து போகிறவர்களின் பேச்சைப் போல. இடைவெளி கிட்டத்தட்ட மூடியபோதுதான் அதற்கே அது தெரிந்தது.

"உடையா, என்ன செய்யிற?"

அவள் கை நின்றது.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்தான். நான் கன்னா இருந்தப்போ பெஞ்ச மழைக்கு வந்துட்டேன். அதுக்கு அந்தப் பக்கம் அந்த ஒண்ணுதான். கார்த்திகை வரைக்கும் பொறுத்தியானா போதும்."

தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. வீரணன் உண்மையைச் சொல்வதற்குள்ளாகவே அம்பலக்காரர் வீட்டார் கிளம்பிவிட்டிருந்தார்கள். கட்டிலைத் தூக்கிப் போக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

உடையாள் உளி கட்டிய துணியை நினைத்தாள். தன் ஊருக்குத் திரும்பிப் போனால், வாசலில் நிற்கும் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். இன்னும் மூடாதது தலைமாட்டின் உச்சியில், கிளிகளுக்கு நடுவே, ஒரு விரல்நுனி அளவு.

"சரி, இப்பவே சொல்லிடுறேன்" என்றது பலா அவசரமாக. அதன் குரலை அவள் காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. "முறைப்படி அது வைரம் காஞ்ச பிறகுதான் வரணும். வருதான்னு பார்க்கிறேன். என்னை நட்டது..."

மேளம் வாசலுக்கு வந்துவிட்டது.

"ம்" என்றாள் உடையாள். பழக்கத்தில் வந்த சொல்தான் அது. சொல்லிக்கொண்டே கட்டைவிரலை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு பலா எதுவும் சொல்லவில்லை.

வேலியில் ஓணான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பியபோது அங்கே இல்லை.

அம்பலக்காரர் வீட்டு வாசலில் கட்டில் இறங்கியது. மாப்பிள்ளையின் அக்கா சடைச்சி முன்னால் வந்தாள். அவளுக்கு முழங்கால் வரை கூந்தல். வீரணன் கூட்டத்தின் பின்னால், துணிமுடிச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். அம்பலக்காரரைத் தனியாகப் பிடிக்கவே அவனால் முடிந்திருக்கவில்லை.

"யாரு செஞ்சது? அந்தக் கோழிக்கூடு தச்சனா?" என்றாள் சடைச்சி. "எங்க தம்பி கொக்கரக்கோன்னு கூவாம எந்திரிச்சாச் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒரு முடியைப் பிடுங்கி, கால்களில் வைத்து இழுத்தாள், சட்டங்களில் வைத்து இழுத்தாள். தலைமாட்டுக்கு வந்தாள். மேலிருந்து கீழ்வரை இழுத்தாள். முடி வழுக்கிக்கொண்டு வந்தது. கிளிகளுக்கு நடுவே இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். அங்கேயும் போகவில்லை.

"முடி வெளியிலதான் நிக்குது. கட்டில் உள்ள போகட்டும்" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கட்டிலோடு வந்திருந்த உடையாளிடம், வீட்டுக்குத் திரும்பும் வழியில் வீரணன் கேட்டான். "என்ன புள்ள செஞ்ச?"

"அதோட தூளையே வச்சு அடைச்சேன்."

"அட! இது எனக்குத் தோணலையே." அவன் துணியை அவிழ்த்து, உளியை இடுப்பில் செருகிக்கொண்டான். தெருவென்று பாராமல் சிரித்தான். "அது பேசுச்சே, என்ன ஆச்சு?"

"ஓஞ்சிருச்சு" என்றாள் உடையாள்.

அது பொய்யுமில்லை. அவள் விரல்களில் ஒட்டிய பலாப்பால் கறுத்து, பல நாள் போகாமல் இருந்தது. கிணற்றடியில் அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஓணான் அன்று மாலைக்குள் ஊரிலிருந்த எல்லா மரங்களிடமும் போய்ச் சொல்லிவிட்டது. அந்த மரங்கள் காற்றிடம் சொல்லின. காற்று எங்கெங்கோ போயிற்று. மறுநாள் காலையில் இலைகள் அசைந்தன. ஆனால் அது வெறும் சலசலப்பாக இருந்தது. யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஊரார் ஓணானைப் பிடித்து, "நீ என்னடா போய்ச் சொன்ன?" என்று மிரட்டினார்கள். அது மேலும் கீழும் தலையை ஆட்டியதே தவிர வாய் திறக்கவில்லை.

அடுத்து வீரணன் பட்டறைக்கு ஒரு பூவரசு வந்தது. பலகைகளை நிழலில் சாத்திவைத்தான். உடையாள் எதிரே உட்கார்ந்தாள். வெடிப்பு விட்டது. அவள் "ம்" என்றாள். காத்திருந்தாள். மறுபடியும் "ம்" என்றாள். மரம் பேசவில்லை. கோடை முடிந்தும், மழை வந்து போயும், வெடிப்பு தானாக மூடிக்கொள்ளவுமில்லை. வீரணன் அந்த மரத்தின் தூளை அள்ளிப் பிசைந்து அடைத்தான். அவனைப் பார்த்து மற்றத் தச்சர்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள். அதற்கு மக்கு என்று பெயர் வைத்தார்கள்.

வருஷங்கள் போயின. உப்பு வண்டியோடு போன மாப்பிள்ளை திரும்பி வந்தார். கட்டிலில் பிள்ளைகள் பிறந்தார்கள். மஞ்சளாக இருந்த பலா நிறம் மாறி, தேன் நிறமாகி, செம்பழுப்பானது. உடையாள் அடைத்த கோடு மட்டும் அதோடு சேர்ந்து மாறவில்லை. அது கறுப்பாக, தலைமாட்டின் நடுவே, மேலிருந்து கீழ்வரை தெரிந்தது. அம்பலக்காரர் மகள் அதைக் கிளிகள் உட்காரும் கொம்பு என்று தன் பிள்ளைகளுக்குச் சொன்னாள். ஒரு விசேஷத்துக்குப் போனபோது உடையாள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். யாரும் கவனிக்காத நேரத்தில் அதன் மேல் காதை வைத்தாள். ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

அவள் "ம்" என்றாள்.

அன்று தொடங்கியதுதான் இதெல்லாம். எந்த மரத்தை அறுத்தாலும், தச்சர்கள் அதே மரத்தின் தூளில் ஒரு கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் பட்டறையைப் பெருக்குகிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் மெருகு பூசினாலும், மக்கு வைத்த இடம் மட்டும் மரத்தின் நிறத்துக்கு வருவதில்லை. வறண்ட காற்று அடிக்கும் நாட்களில் வீட்டில் யாரும் தொடாமலே கட்டிலும் அலமாரியும் 'டக்' என்று ஒரு சத்தம் போடுகின்றன. தன்னை நட்டது யார் என்று இதுவரை எந்த மரமும் சொல்லவில்லை.